கொடுத்தவள் பக்கம் நீட்டிய கை

என் வலது முட்டி போய்விட்டது. டாக்டர் அதை நாசூக்காகச் சுற்றி வளைத்துச் சொன்னார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, “இனிமே குதிக்கிற வேலையெல்லாம் வேண்டாம்மா” என்றார். நாற்பதைத் தாண்டின பொம்பளை எங்கே குதிக்கப் போகிறாள் என்ற நினைப்பு அவருக்கு. “ஞாயித்துக்கிழமை பாஸ்கெட்பால் ஆடுவேன் டாக்டர்” என்றேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அதையும் சேர்த்துத்தாம்மா சொல்றேன்” என்றார்.

தக்காளிக்குப் பேரம் பேசுகிற மாதிரி பேசி, அந்த மாசம் மட்டும் ஆடிக்கொள்ள அனுமதி வாங்கினேன். ஓடலாம், குதிக்கக் கூடாது. தண்ணீரில் இறங்காமல் நீச்சல் அடி என்கிற கதைதான். இருந்தாலும் தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. அது நடந்துவிட்டால் ஷூவைக் கழற்றிப் பரணில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அக்கா கையிலிருந்து ஒரு பாஸ் வர வேண்டும். அதை நான் ரிங்குக்குள் போட வேண்டும். அம்புட்டுத்தான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவள். எங்கள் டீமில் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து கொடுக்கிறவள் அவள். ரிங்குக்கு அடியில் பனைமரம் மாதிரி நின்று, வாங்கிப் போடுகிறவள் நான். இப்போது அவள் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கிற குடும்பத்தின் மருமகள். நான் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஆபீஸ் வேலை. வாரம் முழுக்க மில் பஸ்ஸில் போய் வந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் திண்டுக்கல்லில் நாங்கள் படித்த பள்ளிக்கூட மைதானத்துக்குப் போவேன். அங்கே ஆடுகிற காலேஜ் பிள்ளைகள் என்னையும் சேர்த்துக்கொள்வார்கள். “ஆன்ட்டி, நீங்க எங்க சைடு” என்று யாராவது கூப்பிட்டால், அந்த ‘ஆன்ட்டி’யை முழுங்கிக்கொண்டு போய் நிற்பேன்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை முட்டியில் உறையை மாட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் ஓடிவந்து பந்தைப் போட்டாள். போட்ட வேகத்தில் திரும்பி, அவளுக்குப் பாஸ் கொடுத்தவளைப் பார்த்து ஆள்காட்டி விரலை நீட்டினாள். எனக்குச் சுருக்கென்றது. இந்த விரல் நீட்டுகிற பழக்கம் உலகம் முழுக்க உண்டு. போட்டது நான்தான், ஆனால் கொடுத்தது இவள் என்று எல்லாருக்கும் காட்டுவது. தப்பே இல்லை. ஆனால் நாங்கள் விரலை நீட்ட மாட்டோம். உள்ளங்கையை நீட்டுவோம்.

அந்தப் பழக்கம் என் அம்மாவால் வந்தது. அம்மாவுக்குப் பாஸ்கெட்பால் என்றால் ஆகவே ஆகாது. “பொட்டப்புள்ள ஒரு பந்துக்குப் பத்துப் பேரு அடிச்சுக்கிறதாக்கும்” என்பாள். எரியோட்டிலிருந்து டவுனுக்கு நாங்கள் குடிவந்த புதிது. ஒருநாள் என்னைக் கூட்டிப்போக மைதானத்துக்கு வந்திருந்தாள். பி.டி. மிஸ் அன்றைக்குத்தான் எங்களுக்கு அசிஸ்ட் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்திருந்தார். யார் கொடுத்த பாஸினால் பந்து நேராகக் கூடைக்குள் போகிறதோ, அவள் பேருக்கு ஒரு அசிஸ்ட். போட்டவள் அவளைப் பார்த்து விரலைக் காட்ட வேண்டும். நான் போட்டேன். அக்காவைப் பார்த்து விரலை நீட்டினேன். செவுத்தோரம் நின்றிருந்த அம்மா கோர்ட்டுக்குள்ளேயே நடந்து வந்துவிட்டாள்.

“என்னடி பழக்கம் இது? மூத்தவளப் பார்த்து வெரல நீட்டிக்கிட்டு” என்றாள். டீமே சிரிக்கிறது. எனக்கு அங்கேயே ஒரு குழியைத் தோண்டி இறங்கிவிடலாம் போல இருந்தது. மிஸ்ஸுக்கும் சிரிப்பு. “அப்ப எப்புடித்தாம்மா காட்டுறது? நீங்களே சொல்லுங்க” என்றார். அம்மா யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்தவர்களை உட்காரச் சொல்லுகிற மாதிரி, உள்ளங்கை மேலே பார்க்க, கையை அக்கா பக்கமாக நீட்டினாள். “இப்புடி” என்றாள். அத்தோடு என் காதைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

மறுநாளிலிருந்து மொத்த டீமும் அதைப் பிடித்துக்கொண்டது. முதலில் என்னைக் கேலி பண்ணத்தான் ஆரம்பித்தார்கள். செய்து செய்து அது பழக்கமாகிவிட்டது. வெளியூர்ப் போட்டிகளில் எங்களுக்குப் பிச்சைக்காரி டீம் என்று பேர் வைத்தார்கள். ஒரு ஊரில், நான் கையை நீட்டிக்கொண்டு ஓடுகையில் எல்லைக்கோட்டோரம் உட்கார்ந்திருந்த ஒருத்தன் என் கையில் கடலைத்தோலை வைத்துவிட்டான். நான் நின்று அவனைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எதிர் டீம் ஒரு கூடை போட்டுவிட்டது. அதற்கு மிஸ்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டு கட்டிலில் கிடக்கிற பொழுதுகளில் இந்தச் சொல்லைப் பற்றிப் போனில் தேடித் தேடிப் படித்தேன். வேறு வேலை என்ன இருக்கிறது? அசிஸ்ட் என்பதற்கு இங்கிலீஷில் உதவி என்று அர்த்தம் என எல்லாருக்கும் தெரியும். அதற்கும் முன்னால், லத்தீனில், அந்தச் சொல்லுக்கு ஒருவர் பக்கத்தில் நிற்பது என்றுதான் அர்த்தமாம். பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் ஒரு கல்யாணத்துக்குப் போய் இருந்தோம் என்று சொல்ல அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்களாம். கை கொடுக்க வேண்டும் என்றுகூட இல்லை, அங்கே இருந்தால் போதும். விளையாட்டுக்குள் அது முதலில் வந்தது பேஸ்பாலில். ஒருவன் பந்தை எடுத்து எறிய, இன்னொருவன் அதைப் பிடித்து எதிராளியை அவுட்டாக்கினால், எறிந்தவன் கணக்கில் ஒரு அசிஸ்ட் எழுதினார்கள். பாஸ்கெட்பாலுக்கு வந்து சேர்ந்தது பிற்பாடு.

வந்த இடத்திலும் வழக்கு தீரவில்லை. வாங்கினவள் ரெண்டு தட்டு தட்டிவிட்டுப் போட்டால் அது அசிஸ்டா? ஒருத்தியை ஏமாற்றித் தாண்டிப் போய்ப் போட்டால்? கணக்கு எழுதுகிற ஆளுக்கு ஆள் இது மாறுமாம். எங்கள் ஊர்ப் பக்கத்துப் போட்டிகளில் அந்தக் கவலையே கிடையாது, அசிஸ்டை யாரும் எழுதுவதே இல்லை. போட்டவள் பேர்தான் மைக்கில் வரும். அதனால்தான் அந்தக் கை எங்களுக்குப் பெரிசாக இருந்தது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உலகத்தில் யாருக்கும் சண்டை இல்லை. எப்பேர்ப்பட்ட பாஸாக இருந்தாலும் சரி, வாங்கினவள் கோட்டை விட்டால் கொடுத்தவளுக்கு ஒன்றும் கிடையாது.

அக்கா கொடுத்ததை நான் அதிகம் கோட்டை விட்டதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, அவள் கொடுத்த லட்சணம் அப்படி. என் பக்கம் பார்க்கவே மாட்டாள். வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, தரையில் ஒரு குத்துக் குத்திக் கொடுப்பாள். பந்து எழும்புகிற இடத்தில் என் வலது கை இருக்கும். “எப்புடிக்கா பாக்காமயே போடுற?” என்று ஒரு தடவை கேட்டேன். “நீ வேற எங்க போகப் போற? சாணி தட்டுன மாதிரி அங்கனயேதான நிப்ப” என்றாள். அவள் வீட்டில் மல்லித் தோட்டம். விடியுமுன் பூவெடுத்துவிட்டுத்தான் காலைப் பிராக்டிஸுக்கு வருவாள். பந்தில் மல்லி வாசம் அடிக்கும் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அடித்தது வேர்வை நாற்றம்தான். அந்த நாற்றத்துக்கே இன்றைக்கு மனசு ஏங்குகிறது.

அவள் கூடை போடுவதே அபூர்வம். அப்படிப் போட்டாலும், எதிராளி கையிலிருந்து தட்டிப் பறித்து, தனியாக ஓடிப்போய்ப் போட்டதாக இருக்கும். அதனால் அவள் யாருக்கும் கை நீட்டி நான் பார்த்ததில்லை.

அவள் பள்ளியை முடித்துப் போன பிறகு, எனக்குப் பாஸ் கொடுக்க வேறு பிள்ளைகள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் என்னைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். எதிராளியும் பார்த்துவிடுவாள். கொஞ்ச காலத்தில் அக்காவுக்குக் கல்யாணம் கூடியது. டீமாக பஸ் ஏறிப் போனோம். மேடையில் போட்டோ எடுக்கையில் நான் அக்காவை ஒட்டிப் போய் நின்றேன். போட்டோக்காரர், “அந்த ஒசரமான புள்ள பின்னால போம்மா, பொண்ண மறைக்குது” என்றார். பின்னால் போனேன். அந்தப் போட்டோவில் அக்காவின் மாலைக்கு மேலே என் நெத்தி மட்டும் தெரியும்.

அதற்கப்புறம் எங்களுக்குள் சண்டையா என்றால் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடச் சமாதானம் ஆகியிருக்கலாம். நான் போன் பண்ணுவேன். பின்னால் ஏலம் கேட்கிற சத்தமும் கேரளாவுக்குப் போகிற லாரியின் உறுமலும் கேட்கும். “செத்த நேரம் கழிச்சுக் கூப்புடுறேன்டி” என்பாள். கூப்பிட மாட்டாள். வருஷம் போகப் போக அந்த ‘டி’ போனது. பிறகு எங்கள் ஊர்ப் பேச்சே போனது. “அப்பறமாக் கூப்படறனுங்க” என்று கொங்குப் பேச்சாக ஆனது. நாள் முழுக்க வியாபாரிகளிடம் பேசுகிற வாய், தப்புச் சொல்ல முடியாது. எனக்கென்னவோ மண்டிக்கு வந்த யாரோ ஒரு ஆளாக என்னை நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது.

டாக்டர் கெடு வைத்த பிறகு வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன். முட்டிக் கதையைச் சொன்னேன். “ஒரே ஒரு நாள் வாக்கா. நீ ஒரு பாஸ் குடு, நான் ஒண்ணு போட்டுட்டு அத்தோட நிறுத்திக்கிறேன்” என்றேன்.  “வரோணும்னுதானுங்க இருக்குது. முகூர்த்த நேரம், லோடு நெறைய. பாக்கறனுங்க” என்றாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. மைதானத்து கேட்டையே பார்த்துக்கொண்டு ஆடியதில் ஒரு பந்து என் மூஞ்சியில் அடித்தது. “ஆன்ட்டி, யார எதிர்பாக்குறீங்க?” என்று ஒருத்தி கேட்டாள். “எமன” என்றேன். வீட்டுக்குப் போய் அன்றைக்கு யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்காரர் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். எனக்கு அவ்வளவு ஆத்திரம். இந்த வயசில் ஒரு பாஸுக்கு ஏங்குகிறேனே என்று என் மேலேயே ஆத்திரம்.

மாசத்தின் கடைசி ஞாயிறு, வெயில் மலைக்கோட்டைப் பக்கம் இறங்கின நேரத்தில் வந்தாள். கேட்டில் ஒரு பருத்த அம்மா சேலையில் நின்றாள், கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். எனக்கு ஆளே தெரியவில்லை. நடந்து வந்த நடையில்தான் தெரிந்தது. ஓடிப்போய்க் கட்டிப் பிடித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். முருங்கைக்கட்டு நடுவில் இருந்தது. “நல்லா இருக்கறீங்களா? முட்டி இப்ப எப்படிங்க?” என்று கேட்டாள். “இருக்கேன்க்கா” என்றேன்.  பையிலிருந்து சுடிதாரையும் மகனுடைய ஷூவையும் எடுத்துக் காட்டினாள். ஷூ பெரிசு. முனையில் பேப்பரைச் சுருட்டித் திணித்திருந்தாள். மண்டி வீட்டில் யாரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாளோ, நான் கேட்கவில்லை.

காலேஜ் பிள்ளைகள் எங்கள் ரெண்டு பேரையும் ஒரே பக்கம் போட்டார்கள். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஓடவே இல்லை, நடந்தாள். “கண்ணு, இங்க குடு சாமி” என்று பிள்ளைகளிடம் பந்தைக் கேட்டு வாங்கி, வந்த வழியே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் போய் ரிங்குக்கு அடியில் என் இடத்தில் நின்றேன். வேறு எங்கே போகப் போகிறேன்?

பந்து வந்தது. அவள் மைதானத்துப் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் ஒரு குத்து, என் வலது கையில் பந்து. இத்தனை வருஷம் கழித்தும் அதே உயரத்தில் எழும்பி வந்து கையில் உட்கார்ந்தது.  திரும்பி, குதிக்காமல், எட்டி வைத்தேன். ரிங்கின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது.

கோட்டை விட்டுவிட்டேன். கொடுத்தவளுக்கு ஒன்றும் கிடையாது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். “பரவாயில்லீங்க” என்றாள். அந்த ‘ங்க’வுக்குப் பதிலாக ஒரு அறை விட்டிருக்கலாம்.

வெளிச்சம் மங்குகிற வரைக்கும் ஆடினோம். கடைசிப் பந்து என்று பிள்ளைகள் சொன்னார்கள். அக்கா கைக்குப் போனது. மறுபடி அதே குத்து, அதே கை. இந்தத் தடவை ஒரு உயரமான பிள்ளை எனக்கு முன்னால் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். குதித்தால்தான் அவளைத் தாண்டிப் போட முடியும். டாக்டர் சொன்னதற்காக நின்றேன் என்று பொய் சொல்ல மாட்டேன். குதிக்கத்தான் பார்த்தேன். கால் எழும்பவில்லை. மூளை சொல்கிறது, முட்டி கேட்கவில்லை. பந்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

“போடுடி. ஏ புள்ள, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? போட்டுத் தொலடி” என்று ஒரு சத்தம். திண்டுக்கல் சத்தம். மைதானமே திரும்பிப் பார்த்தது. அக்கா கோட்டோரத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி ஒருத்தியும் இல்லை. குண்டு ஆன்ட்டி என்ன செய்துவிடப் போகிறாள் என்று விட்டுவிட்டார்கள். நான் பந்தை அவளுக்கே எறிந்தேன்.

அவள் பயந்துபோய்ப் பிடித்தாள். நானா என்கிற மாதிரி முழித்தாள். “போடுக்கா” என்றேன். பள்ளிக்கூடத்தில் போடுகிற மாதிரியே, ரெண்டு கையாலும் நெஞ்சிலிருந்து தள்ளினாள். பந்து போர்டில் இடித்து, ரிங்கின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது.

நான் அங்கேயே நின்றேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நான் அவள் கைக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். எனக்கு வேண்டியது கிடைக்கவில்லை, இனிமேல் கிடைக்கவும் போவதில்லை. இதாவது கிடைக்கட்டும் என்று நின்றேன். அக்கா ரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் பிள்ளைகள் ஓடிவந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். “ஆன்ட்டி செம” என்றார்கள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கை நீட்டவே இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். மறக்காமல் என்ன செய்வாள்? அவள்தான் அதை ஒரு தடவைகூடச் செய்தது கிடையாதே.

இருட்டுமுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றாள். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார வைத்துப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன். அவள் எடைக்கு வண்டி ஒருக்களித்துக்கொண்டு போனது. வழியில், “முருங்கக்காய இன்னைக்கே வெஞ்சனத்துக்குப் போட்டுருங்க, வாடிப் போயிரும்” என்றாள். ‘ங்க’ திரும்பி வந்துவிட்டது. நான் வண்டியை முறுக்கினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது.

ஒட்டன்சத்திரம் வழியாகப் போகிற பழனி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவளுக்கு. நான் கீழே நின்றேன். “ஆபரேஷன் கீபரேஷன்னா சொல்லுங்க, வாரேன்” என்றாள். சரி என்று தலையாட்டினேன். டிரைவர் வண்டியை எடுத்தார். பஸ் பின்னால் வந்து, திரும்பி, வெளியே போகிற வழியில் மூக்கை நுழைத்தது. நான் ஸ்கூட்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“ஏடீ” என்று கேட்டது.

நிமிர்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே தோள் வரைக்கும் ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது, வளையல் முழங்கைக்கு இறங்கி, உள்ளங்கை மேலே பார்க்க, நேராக என் பக்கம். கூட்டத்தில் போவோர் வருவோரெல்லாம் அந்தக் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கண்டக்டர் விசில் அடித்தார். “கைய உள்ள எடுங்கம்மா, எதுக்க வண்டி வருது” என்று உள்ளேயிருந்து அவர் கத்துவது கேட்டது. பஸ் வளைவில் திரும்புகிற வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.